மிச்சம் வீட்டின் காய்க்காத வாழை

மச்சாள்,

இன்று பின்னேரம் வேலையால் வந்து, கோட்டைக் கழற்றாமலே பின்வளவு ஷெட்டைத் திறந்தேன். நாளையிலிருந்து கடும் உறைபனி என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். மூலையில் உங்களுடைய பெரிய பை வாய் கட்டியபடி கிடந்தது. அவிழ்த்ததும் மணம் முகத்தில் அடித்தது. ஈரம் பிடித்துக் காய்ந்த வைக்கோல், பழைய துணி, எல்லாவற்றுக்கும் அடியில் உங்களுடைய தைலம். செடிகளுக்குச் சுற்றுகிற வெள்ளைத் துணியில் தைலம் எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியும். இரண்டு முழங்கைக்கும் பூசித் தேய்த்துக்கொண்டுதான் நீங்கள் குளிரில் இறங்குவீர்கள்.

அழுகை வரும் என்று நினைத்துச் சற்று நேரம் நின்றேன். வரவில்லை. களைப்பாக இருந்தது, அவ்வளவுதான். விடியற்காலை ஷிப்ட், முதியோர் இல்லத்தில் ஆட்களைத் தூக்கி, குளிக்க வார்த்து, உடுப்பு மாற்றி, சாப்பாடு தீத்தி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஷெட்டுக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். உங்களோடு கொஞ்சம் கதைக்க வேண்டும் போல இருந்தது.

நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து லண்டனுக்கு, மிச்சம் என்கிற இந்த ஊர் வீட்டுக்கு வந்தபோது உங்களுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. கலியாணம் செய்யாமல் தாயைக் கடைசிவரை பார்த்த மூத்த பிள்ளை. தாய் போன பிறகு தனியே விடக்கூடாது என்று உங்கள் தம்பி, என் கணவர், உங்களை இங்கே எடுப்பித்தார். என்னிடம் கேட்டுச் செய்தார் என்று சொல்ல முடியாது. நானும் மறுக்கவில்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு அறை சும்மா கிடந்தது. ஆனால் ஒரு குசினிக்குள் இரண்டு பெண்கள் என்பது வேறு விஷயம். என் கறியைப் பற்றி நீங்கள் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் உப்புப் போத்தலை மட்டும் கிட்ட இழுத்து வைத்துக்கொள்வீர்கள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. கொஞ்ச நாளில், குசினி எனக்கு, பின்வளவு உங்களுக்கு என்று ஒருவரும் பேசாமலே பிரிந்துவிட்டது.

பின்வளவு என்று சொல்ல அங்கே என்ன இருந்தது? கால் உடைந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்று, நாலு பக்கமும் புல், வேலிக்கு அப்பால் ட்ராம் போகிற சத்தம். அந்தக் கோடையில் உங்கள் தம்பி சவுத்தால் கடைத்தெருவில் செவ்வரத்தை ஒன்று வாங்கி வந்து தந்தார். புரட்டாதி வரை பூத்தது. முதல் உறைபனி விழுந்த காலையில் அது அவித்த கீரை போலத் தொங்கியது. கறுத்துப்போன இலை ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றீர்கள்.

"இஞ்சை பாரும் மாலா. ஒரு இரவிலை. இந்த ஊரிலை மண்ணும் சாகுமோ?"

நான் தேயிலை வடித்துக்கொண்டிருந்தேன். "கடையிலை வேறை வாங்கலாம் மச்சாள்" என்றேன். நீங்கள் அந்த இலையோடேயே திரும்பிப் போனீர்கள்.

பக்கத்து வீட்டு ஜமேக்கா அம்மாதான் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தவர். அவரும் இங்கே வந்த முதல் குளிரில் நட்ட எல்லாவற்றையும் சாகக் கொடுத்தவராம். உங்களுக்கும் அவருக்கும் இடையில் கொஞ்ச ஆங்கிலமும் நிறையக் கைகளும். அவருடைய வளவில் ஓங்கி நின்ற வாழையிலிருந்து ஒரு குட்டியைக் கிளப்பித் தந்தார். ஜப்பான் பக்கத்து வாழை, குளிர் தாங்குமாம். அழகுக்கு வைக்கிறதாம்.

"காய்க்குமோ?" என்று நான் கேட்டேன்.

"காய்ச்சாலும் தின்ன ஏலாதாம்."

"அப்ப என்னத்துக்கு?"

"நிக்கட்டுமன்" என்றீர்கள்.

அது நின்றது. நின்றது மட்டுமல்ல, பக்கத்தில் ஆட்கள் சேர்ந்தார்கள். சுவரோடு ஒரு கமீலியா. வேலியோரம் டேலியாக் கிழங்குகள். சாடிகளில் ஹைட்ரேஞ்சியா, லவெண்டர். நிழலில், எல்லாரும் கிறிஸ்மஸ் ரோஸ் என்று சொல்கிற, தலையைக் குனிந்துகொண்டு பூக்கிற அந்தச் சின்னச் செடி. இவை எல்லாம் எப்போது வந்தன என்று எனக்குத் தெரியாது. நான் அந்தப் பக்கம் பார்ப்பதில்லை. டபிள் ஷிப்ட் செய்துகொண்டிருந்த காலம் அது. வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்க எனக்கு நேரம் இருக்கவில்லை என்று இப்போது சொல்லலாம். உண்மை என்னவென்றால், பார்த்தாலும் எனக்கு ஒன்றும் பிடிபட்டிராது. உங்கள் தம்பி அவ்வளவு அமைதியான மனிதர்.

ஒரு கார்த்திகை மாதம் வேலையால் வந்தபோது அவருடைய சப்பாத்துகள் வாசலில் இல்லை. நீங்கள் குசினிக் கதிரையில் இருந்தீர்கள். என் குசினியில், என் கதிரையில். கையில் மண்.

"இரும் மாலா. தம்பி போயிட்டான்."

"எங்கை?"

"லெஸ்டருக்கு. அங்கை ஒருத்தி இருக்கிறாளாம். கன காலமாம். நான் வாழைக்குத் துணி சுத்திக்கொண்டு நிண்டனான். பெட்டியோடை வந்து நிண்டு சொன்னவன். பிறகு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு போறானாம்."

நான் கோபப்பட வேண்டிய ஆள் அங்கே இல்லை. நீங்கள்தான் இருந்தீர்கள். "உங்களுக்கு முந்தியே தெரியும்" என்றேன். நீங்கள் இல்லை என்று தலையாட்டினீர்கள். நான் நம்பவில்லை. அந்தக் கிழமை முழுவதும் ஒரே வீட்டில் ஒரு சொல் பேசாமல் இருந்தோம். நீங்கள் சமைத்து மூடி வைத்ததை நான் தொடவில்லை. நான் வாங்கி வந்த பாணை நீங்கள் தொடவில்லை. இரவில் சுவருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருமுவது கேட்கும். இவவும் போகட்டும், சுமை குறையும் என்று நினைத்தபடி கிடப்பேன்.

அப்போதுதான் அந்தக் குளிர் வந்தது. மிச்சத்தில் அப்படி உறைந்து நான் அதற்குமுன் கண்டதில்லை. விடிந்தபோது ஜன்னல் முழுக்க வெள்ளை. வேலைக்கு லீவு சொல்லிவிட்டுக் கட்டிலில் கிடந்தேன். பின்வளவில் ஏதோ இழுபடுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். நீங்கள், உங்கள் தம்பி விட்டுப்போன பெரிய ஓவர்கோட்டை மாட்டிக்கொண்டு, சாடிகளை ஒவ்வொன்றாகச் சுவரோடு நகர்த்திக்கொண்டிருந்தீர்கள். பிறகு வெள்ளைத் துணியைக் கமீலியாவுக்குச் சுற்றப் பார்த்தீர்கள். ஒரு முனையைப் பிடித்தால் மற்ற முனையைக் காற்று கொண்டு போகும். ஓடிப்போய் அதைப் பிடித்தால் இந்த முனை போய்விடும். சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. கம்பளிச் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

என்னைக் கண்டு நீங்கள் ஆச்சரியப்படவில்லை. "மற்றப் பக்கத்தைப் பிடி" என்றீர்கள்.

அதுவரை என்னை 'நீர்' என்றுதான் சொல்லி வந்தீர்கள். அன்றைக்குத்தான் 'நீ'. குளிரில் உங்களுக்குத் தெரிந்திராது. எனக்குத் தெரிந்தது.

துணியைச் சுற்றி, கயிறு தோலை வெட்டும் என்று பழைய சேலைக் கரைகளைக் கிழித்துக் கட்டினோம். கறுத்த டேலியாத் தண்டுகளை அடியோடு அரிந்து, மேலே மக்கிய இலைகளைக் குவித்தோம். கைகள் விறைத்துப் போயின. நிழலில் கிறிஸ்மஸ் ரோஸ் முழுவதும் நிலத்தோடு சரிந்து கிடந்தது. பூ, தண்டு, இலை எல்லாம் கண்ணாடி போல. "இது முடிஞ்சுது" என்று கத்தரிக்கோலை எடுத்தேன்.

"விடு விடு. அது செத்துக் கிடக்கேல்லை. தண்டிலை நிக்கிற தண்ணி உறைஞ்சா வெடிச்சுப் போகும் எண்டு, தண்ணியை உள்ளுக்கு இழுத்துப்போட்டுப் படுத்திருக்குது. வெயில் பட எழும்பும். பார்."

நான் நம்பவில்லை, ஆனால் வெட்டவும் இல்லை. உள்ளே வந்து தேத்தண்ணி குடித்தோம். அந்தக் கிழமையில் முதல்முறையாக ஒரே மேசையில். நீங்கள் வாய் திறந்தால் செடிகளைப் பற்றித்தான். வெளியே நிற்கிற மரங்கள் குளிர் வரமுதலே இலையில் உள்ளதை எல்லாம் உறிஞ்சி வேரில் சேர்த்துவிடும் என்றீர்கள். சாறைத் தடிப்பாக்கி, சீனிப்பாணி போல ஆக்கிவிடுமாம். பாணி லேசில் உறையாதே. ஹைட்ரேஞ்சியாவின் காய்ந்த பூவை மாசி பங்குனி வரை வெட்டக்கூடாது, அடியில் இருக்கிற மொட்டுக்கு அதுதான் தொப்பி என்றீர்கள். சாடியில் நிற்பவைதான் பாவம். நிலத்தில் வேர் ஆழமாய் ஒளிக்கும், சாடியில் ஒளிக்க இடமில்லை. அதனால்தான் நெருக்கி வைக்கிறது. "குளிர் லேசிலை கொல்லாது மாலா. குளிரோடை ஈரம் சேர்ந்தாத்தான் வேர் அழுகும்." நான் கேட்டுக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்காமல் இருந்த அந்த நேரம் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உங்களிடம் சொன்னதில்லை.

மத்தியானம் வெளியே போய்ப் பார்த்தேன். கிறிஸ்மஸ் ரோஸ் எழும்பி நின்றது.

தைப்பொங்கல் கழிந்த கையோடு உங்கள் தம்பி வந்தார். உள்ளே வர அவருக்கும் கால் வரவில்லை, வாங்கோ என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. நான் மேலே படிக்கட்டில் இருந்தேன். நீங்கள் வாசலில் நின்றீர்கள்.

"அக்கா, சாமானைக் கட்டுங்கோ. கார் கொண்டு வந்தனான்."

"நான் வரேல்லை."

"இஞ்சை என்னெண்டு இருப்பியள்? ஆருடைய வீட்டிலை இருக்கிறியள்? சனம் என்ன கதைக்கும்?"

"நீ போனதுக்குக் கதைக்கிற சனம், நான் இருக்கிறதுக்கும் கதைச்சிட்டுப் போகட்டும்."

"நான் உங்கடை தம்பி அக்கா."

"ஓம். அதாலைதான் உன்னோடை நிண்டு கதைக்கிறன். இல்லாட்டிக் கதவு திறந்திருக்க மாட்டன்." பிறகு, "குளிருக்கை நிக்காதை. சாப்பிட்டனியோ?" என்று கேட்டீர்கள். அவர் காருக்குப் போனார். நீங்கள் கதவைச் சாத்திவிட்டு அதிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு நின்றீர்கள். நான் இறங்கி வரவில்லை. அது உங்கள் நேரம் என்று விட்டேன். கையால் தூக்கி வளர்த்த தம்பி. உங்களுக்கு மிஞ்சி இருந்த ஒரே இரத்தம். என்னைத் தேர்ந்ததால் நீங்கள் எதை இழந்தீர்கள் என்று கணக்குப் பார்க்க எனக்கு அப்போது தைரியம் இல்லை.

பிறகு எத்தனையோ குளிர். கோவிலில் கேட்பார்கள், "இவ உங்களுக்கு ஆர்?" என்று. என் மச்சாள் என்பேன். தெரிந்தவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். விவாகரத்து முடிந்த பிறகு அந்த முறைக்கு அர்த்தமில்லை என்று ஒரு பெண் எனக்கே விளக்கம் சொன்னாள். நீங்கள் அவளிடம் திரும்பி, "அப்பிடியோ? அப்ப நாங்கள் வேறை முறை ஒண்டு பாக்கவேணும்" என்று சொல்லிவிட்டு மோதகம் ஒன்றை எடுத்து வாயில் போட்டீர்கள்.

போன மாசியில் நீங்கள் குசினியில் விழுந்தீர்கள். ஸ்ட்ரோக் என்றார்கள். பேச்சு போய்விட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ், நான் உங்களுக்கு யார், மகளா என்று என்னைக் கேட்டாள். நான் வாய் திறக்கமுதல் நீங்கள் உங்கள் நல்ல கையால் என் விரல்களைப் பிடித்துக்கொண்டீர்கள். "தங்கச்சி" என்று அவளுக்கு ஆங்கிலத்தில் சொன்னேன். நீங்கள் கையை விடவில்லை. உங்கள் தம்பியும் வந்தார், தலை நரைத்திருந்தது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். நீங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தீர்கள். சில நாள்களில் முடிந்துவிட்டது. கொள்ளி வைக்கிற உரிமை அவருக்குத்தான். செய்தார். நான் பின் வரிசையில் இருந்தேன்.

அதன்பின் வெயில் வந்தது எனக்குத் தெரியாது. பங்குனியில் அவிழ்க்க வேண்டிய துணிகளை வைகாசியில்தான் அவிழ்த்தேன். சூட்டிலும் ஈரத்திலும் வாழைத்தண்டு உள்ளுக்குள் அழுகி, தொட்டதும் கூழாய்ப் போயிற்று. அரிந்து அரிந்து கவுன்சில் குப்பைத்தொட்டிக்குள் போட்டேன். ஆடி மாதம், அடியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஒரு குட்டி கிளம்பியது. சந்தோசப்பட்டேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், அட, இனி இதற்கும் துணி சுற்ற வேண்டுமே என்றுதான் தோன்றியது. முழங்கால் ஏலாது மச்சாள். டேலியாக் கிழங்குகளைக் கிளப்பி ஜமேக்கா அம்மாவின் மகளிடம் கொடுத்துவிட்டேன். லவெண்டரையும். கோபிக்க மாட்டீர்கள். கமீலியா இருக்கிறது, கிறிஸ்மஸ் ரோஸ் இருக்கிறது, இந்த வாழைக்குட்டி இருக்கிறது. எனக்குப் பார்க்க முடிந்தது அவ்வளவுதான்.

ஐப்பசியில் உங்கள் தம்பி உங்களுடைய உடுப்புகளை எடுக்க வந்தார். இந்த முறை உள்ளே வந்து இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். போகும்போது பின்வளவைப் பார்த்துக்கொண்டு நின்று, "அக்கான்ரை ஒரு பூக்கண்டு தருவீரோ?" என்று கேட்டார். கொடுக்காமல் விட எனக்குக் காரணங்கள் இருந்தன. ஒன்றையும் எடுத்துப் பிடிக்கப் பலம் இருக்கவில்லை. ஹைட்ரேஞ்சியாச் சாடியைக் காட்டினேன். காரின் பின் சீற்றில் பெல்ட் போட்டு வைத்துக்கொண்டு போனார்.

போன கிழமை போன் வந்தது.

"மாலா, நான்தான். அது செத்துப்போச்சுப் போலை."

"என்ன செய்யுது?"

"இலை எல்லாம் கொட்டீட்டுது. தடி மட்டும் நிக்குது. பூவும் காய்ஞ்சு கறுத்துப்போச்சு. வெட்டிவிடவோ எண்டு கத்திரிக்கோலோடை நிக்கிறன்."

"வெட்டாதேங்கோ." என் குரல் உயர்ந்ததை நானே கேட்டேன். "அந்தப் பூவை வெட்டாதேங்கோ. தடியிலை ஒரு இடத்திலை நகத்தாலை மெதுவாய்ச் சுரண்டிப் பாருங்கோ. தோலுக்குக் கீழை என்ன நிறம்?"

போன் எங்கோ வைக்கப்படுகிற சத்தம். கதவு திறக்கிற சத்தம். கனநேரம் ஒன்றும் இல்லை.

"பச்சை" என்றார். "மாலா, பச்சையாய்க் கிடக்குது."

"அப்ப விடுங்கோ. சுவரோடை தள்ளி வையுங்கோ. தண்ணி ஊத்தி ஊத்தி விடாதேங்கோ."

அவர் அழுகிறார் என்று விளங்கியது. நான் போனை வைக்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. மன்னிப்பு என்கிற அளவுக்கு நான் இன்னும் வரவில்லை, வருவேனா தெரியாது. உங்களுக்காக அழுகிற இன்னொரு ஆள் இந்த நாட்டில் அவர் ஒருவர்தான் என்று மட்டும் நினைத்தேன். மூக்கை உறிஞ்சிவிட்டு, "அப்ப வைக்கிறன்" என்றார். "ஓம்" என்றேன்.

உங்களிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியிருக்கிறது என்று யோசித்தால் பெரிதாக ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. உங்களைப் போலப் பொறுமை எனக்கு வராது. ஒன்று சொல்கிறேன். நேற்று விடியற்காலை பஸ்ஸுக்கு நடந்துபோகும்போது, தெருமுனையில் யாரோ புதிதாகக் குடிவந்த வீட்டு வாசலில் ஒரு ரோஜாச் சாடி. அடித்தட்டு நிறைய மழைத்தண்ணி, அதில் ஆடை கட்டத் தொடங்கிய பனி. தாண்டிப் போய்விட்டேன். பஸ் வருவது தெரிந்தது. திரும்பி வந்து, கேற்றைத் திறந்து, முழங்கால் முறிய முறியக் குந்தி, சாடியைச் சரித்துத் தண்ணியைக் கொட்டி, தட்டைக் கவிழ்த்துச் சுவரோரம் வைத்துவிட்டு, ஒருவரும் காணமுதல் வெளியே வந்தேன். பஸ் போய்விட்டது. அடுத்தது வரும்வரை கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு குளிரில் நின்றேன்.